பழைய பரணை வெட்டி சேடிலுக்கு மிதிமேடை செய்தேன்: பக்கவாட்டில் திரும்புவதை எப்படித் தடுப்பது?

காட்டுப்பாதை எழுதியது:

வணக்கம். மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில், பொது நிலங்களில், வில்லும் அம்பும் கொண்டு வெண்வால் மான் வேட்டையாடுகிறேன். இரண்டு பருவங்களாகச் சேடிலில்தான் மரமேறுகிறேன். இந்த முறையை அறியாதவர்களுக்காக ஒரு வரி: சேடில் என்பது இடுப்பையும் தொடையையும் சுற்றி அணியும் பட்டை இருக்கை. அதன் முன்னால் உள்ள பிரிட்ஜ் கயிறு, மரத்தைச் சுற்றிக் கட்டிய டெதர் கயிற்றில் மாட்டப்படும். வேட்டைக்காரர் மரத்தை நோக்கியபடி, உடலைப் பின்னால் சாய்த்துத் தொங்குவார். கால்களை ஊன்றிக்கொள்ள ஒரு சிறிய மேடை மட்டும் போதும். அந்த மேடையைப் பற்றித்தான் என் கேள்வி.

என்னிடம் ஒரு பழைய அலுமினியப் பரண் இருந்தது. மரத்தில் பட்டையால் கட்டித் தொங்கவிட்டு, இருக்கையில் அமர்ந்து காத்திருக்கும் வகை அது. ஏறத்தாழ 14 பவுண்டு எடை இருந்ததால், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மைல் சுமந்து சென்று திரும்புவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. சேடிலுக்கென்றே கடையில் விற்கும் மேடைகள் பெரும்பாலும் 3 முதல் 5 பவுண்டுக்குள் இருப்பதால், இந்தப் பரணையே வெட்டிச் சிறிதாக்கலாம் என்று எண்ணினேன். இருக்கையைக் கழற்றினேன். மேடையை 16 அங்குல அகலமும் 14 அங்குல நீளமுமாக வெட்டினேன். மரத்தோடு ஒட்டி நிற்கும் சதுரக் குழாயையும் வெட்டிக் குட்டையாக்கினேன். இப்போது பட்டை மாட்டும் இடத்துக்கும் கீழே மரத்தைப் பற்றும் பற்களுக்கும் இடையே 6 அங்குலம் மட்டுமே இருக்கிறது. எடை 5 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு.

தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டி ஏறிப் பார்த்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. முதலாவது, நேராக நிற்கும்போது உறுதியாக இருக்கும் மேடை, நான் மரத்தின் இடப்பக்கம் சுற்றிச் சாய்ந்தவுடன், ஓரத்தில் கால் பதித்த கணத்திலேயே மெல்லத் திரும்பிவிடுகிறது. இரண்டாவது, முன்விளிம்பு முக்கால் அங்குலம் கீழே தாழ்கிறது. முன்பு அதை மேலே இழுத்துப் பிடித்திருந்த இரண்டு எஃகுக் கம்பிகளும் குழாயை வெட்டியபோது போய்விட்டன. மூன்றாவது, கால் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கிரீச்சிடல் கேட்கிறது. பின்புறம் ஒரு முக்கோணத் தகட்டை வெல்டிங் செய்தால் முதல் இரண்டும் தீருமா? நானும் உடைகளும் வில்லும் சேர்ந்து 200 பவுண்டு வருவோம். அக்டோபர் 1ஆம் தேதி வில்வேட்டைப் பருவம் தொடங்குவதற்குள் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன்.


பட்டறைக்காரர் எழுதியது:

வணக்கம் நண்பரே. உலோக வேலையே என் தொழில். சேடிலுக்காக இதுவரை நான்கு மேடைகள் செய்திருக்கிறேன், அவற்றில் இரண்டை நானே உடைத்துப் பார்த்துக் கழித்துவிட்டேன். முதலில் வெல்டிங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

இத்தகைய பரண்களில் பரவலாகப் பயன்படும் அலுமினியக் கலவைகளில் ஒன்று 6061-டி6. இதில் 'டி6' என்பது, உலோகத்தைச் சூடாக்கிக் குளிர்வித்து, பின்பு மிதமான வெப்பத்தில் முதிரவைத்து வலிமையேற்றியிருக்கிறார்கள் என்பதைக் குறிக்கிறது. இந்த வலிமை வெப்பத்தால் வந்தது, ஆகவே வெப்பத்தாலேயே போய்விடும். வெல்டிங் செய்யாத 6061-டி6 உலோகத்தின் இழுவைத் திறனைச் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு என்று வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதையே வெல்டிங் செய்துவிட்டால் 24,000 பவுண்டாகத்தான் கணக்கிடுவார்கள். இந்தத் தளர்ச்சி வெல்டிங் கோட்டோடு நிற்பதில்லை, கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் வரை பரவும். நீங்கள் சொல்லும் முக்கோணத் தகட்டை வைக்கப்போகும் இடம், குழாயும் மேடையும் சந்திக்கும் மூலை. மொத்தச் சுமையும் வளைவாக வந்து சேரும் இடமும் அதுவே. மேடையின் மிகப் பலவீனமான பகுதியை மிக அதிகச் சுமை வரும் மூலையில் நாமே உருவாக்குவதாக அது முடியும். தொழிற்சாலைகளும் வெல்டிங் செய்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் அந்தத் தளர்ச்சியைக் கணக்கில் கொண்டே தகட்டின் கனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சிலர் வெல்டிங்குக்குப் பின் மீண்டும் வெப்பமுறை செய்து வலிமையை மீட்கிறார்கள். வீட்டுப் பட்டறையில் அது நடக்காது. மேலும், எஃகைப் போல 'இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப வளைவதால் வரும் விரிசல், வராது' என்று சொல்லத்தக்க எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு மிதியும் கணக்கில் சேர்கிறது. ஆகவே போல்ட் போட்டு இணையுங்கள், வெல்டிங் வேண்டாம்.

இனி, விசைகள். மேடையின் முன்விளிம்பில், மரத்திலிருந்து 14 அங்குலம் தள்ளி, 200 பவுண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மேடையை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். மேலே உள்ள பட்டை வெளியே இழுபடும், கீழே உள்ள பற்கள் மரத்துக்குள் அழுந்தும். இரண்டுக்கும் இடையே 6 அங்குலமே இருந்தால், பட்டையில் விழும் இழுப்பு 200 பெருக்கல் 14 வகுத்தல் 6, அதாவது ஏறத்தாழ 467 பவுண்டு. இடைவெளி 10 அங்குலமாக இருந்தால் அதே எடைக்கு 280 பவுண்டுதான் வரும். குழாயைக் குட்டையாக்கியபோது நீங்கள் குறைத்த எடை சில அவுன்ஸ்தான், ஆனால் பட்டையிலும் அதன் கொக்கியிலும் ஏற்றிய சுமை மிக அதிகம்.

நல்லவேளையாக, வெட்டிய துண்டை மேலே ஒட்டவைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. பட்டைக்கும் பற்களுக்கும் இடையே உள்ள உயரம்தான் முக்கியம், மேடைத்தளம் அவற்றின் நடுவில் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. எனவே குழாயைக் கீழ்நோக்கி நீட்டுங்கள். இப்போதுள்ள குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் இன்னொரு சதுரக் குழாயைச் செருகி, இரண்டு போல்ட்களால் இணைத்து, பற்களை மேடைத்தளத்துக்கு 4 அங்குலம் கீழே இறக்குங்கள். உங்கள் முன்விளிம்பு தாழ்வதற்கும் இதிலேயே மருந்து இருக்கிறது. கீழே நீண்ட குழாயின் அடியிலிருந்து மேடையின் முன்பாதிக்கு ஒரு சாய்வுத் தாங்கியை வைக்கலாம். முன்பு மேலிருந்து இழுத்த கம்பிகள் செய்த வேலையை, இனி கீழிருந்து தள்ளும் தாங்கி செய்யும். மடிக்க வேண்டுமென்றால் அதன் ஒரு முனையில் போல்ட்டுக்குப் பதிலாகப் பூட்டுள்ள பின்னைப் பயன்படுத்துங்கள். உங்கள் முக்கால் அங்குலத் தாழ்வு உலோகம் வளைவதால் வருவதன்று என்றே நினைக்கிறேன். மேடை மடியும் அச்சுக்கும் அதைச் சமதளத்தில் நிறுத்தும் தடுப்புக்கும் இடையே ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். அங்கே துளையில் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு ஆட்டம் இருந்தாலே, 14 அங்குலம் தள்ளியுள்ள விளிம்பில் அது அரை அங்குலத்துக்கு மேல் தெரியும்.

பக்கவாட்டில் திரும்புவதற்கு வருகிறேன். இதுதான் சேடில் மேடைக்கே உரிய சிக்கல், பரணுக்கு இது கிடையாது. பரணில் முழு எடையும் நேராகக் கீழே இறங்கிப் பற்களை மரத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். சேடிலில் நீங்கள் பக்கவாட்டில் சாயும்போது எடையின் பெரும்பங்கு டெதருக்குப் போய்விடுகிறது. பற்களை அழுத்தும் விசை குறையும் அதே கணத்தில், கால் மேடையின் ஓரத்தைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 80 பவுண்டு மட்டும் மேடையில், மரத்திலிருந்து 6 அங்குலத்தில் இறங்குகிறது. கால் 40 பவுண்டு விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது. உயரம் 10 அங்குலமாக இருந்தால் பற்களில் மொத்தம் 48 பவுண்டு அழுத்தம், ஒவ்வொரு பல்லுக்கும் 24. பற்கள் 3 அங்குலம் மட்டுமே விலகியிருந்தால், பக்கவாட்டுத் தள்ளல் ஒரு பல்லை 80 பவுண்டு விசையோடு மரத்திலிருந்து பிரிக்கப் பார்க்கும். பல் எழும்பிவிடும், மேடை திரும்பிவிடும். பற்களை 7 அங்குலம் விலக்கிவைத்தால் பிரிக்கும் விசை 34 பவுண்டாகக் குறையும். மீதமுள்ள 10 பவுண்டுப் பற்றாக்குறையைப் பட்டையை முன்கூட்டியே நன்றாக இறுக்கிவைத்து ஈடுகட்டலாம்.

கவனமாகப் படித்தவர்கள் இதில் ஒரு முரணைக் கண்டிருப்பார்கள். உயரம் கூடினால் பட்டைக்கு நல்லது, ஆனால் பற்களின் அழுத்தம் குறைகிறது. ஆம், உண்மைதான். அதனால்தான் உயரத்தை 12, 14 என்று நீட்டிக்கொண்டே போகாமல், 9 அல்லது 10 அங்குலத்தில் நிறுத்தி, பற்களின் அகலத்தைக் கூட்டச் சொல்கிறேன். அகலம் கூடுவதால் எந்த இழப்பும் இல்லை, எடை சிறிது கூடும் என்பதைத் தவிர.

பற்களைக் கூர்மையாக்கிக் குறையைத் தீர்க்கலாம் என்று ஒருபோதும் எண்ண வேண்டாம். மரப்பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கும் எந்தக் கருவியையும் உங்கள் மாநிலத்துப் பொது நிலத்தில் பயன்படுத்தக் கூடாது. திருகுப் படிகளும் அதனால்தான் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்க, மரப்பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிர்ப்படலம் இருக்கிறது. நம்மைத் தாங்கும் மரத்தை நாம் காயப்படுத்தக் கூடாது.


ஓக்நிழல் எழுதியது:

மேலே உள்ள கணக்கோடு எனக்கு வேறுபாடில்லை. ஆனால் மரத்தைச் சுற்றி நகர்வதுதான் உங்கள் தேவை என்றால், மேடையோடு படிவளையத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரே பட்டையில் ஐந்தாறு சிறிய கால்படிகளைக் கோத்து, அவற்றை மரத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் அமைத்து இறுக்குவதே படிவளையம். ஒவ்வொரு படியும் அதனதன் பக்கத்தில் நேராகச் சுமை வாங்குவதால் திரும்பும் பேச்சே எழுவதில்லை. மரத்தின் பின்பக்கம் வரை நடந்துபோய் அம்பெய்ய முடியும்.

அதன் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். பாதத்தின் நடுப்பகுதி மட்டுமே படியில் ஊன்றுவதால், நான்கு மணி நேரம் கடந்ததும் உள்ளங்கால் நோகும். மெல்லிய அடியுள்ள காலணி போட்டால் இரண்டே மணி நேரம்தான். அதனால் நான் இப்போது முன்பக்கம் ஒரு சிறு மேடையும், அதே உயரத்தில் இடமும் வலமும் ஒவ்வொரு படியும் வைத்துக்கொள்கிறேன். மேடை ஓய்வுக்கு, படி அம்பெய்யும் அந்த ஒரு நிமிடத்துக்கு. படிகளை மேடையின் பட்டையிலேயே கோத்துவிடாமல், தனிப்பட்டையில் கட்டுங்கள். ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் சேர்ந்து தளரக் கூடாது.


காட்டுப்பாதை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, வெல்டிங் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மூன்று ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. போல்ட் துளைகளை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும்? துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை அலுமினியத்தில் போட்டால் அரிக்கும் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? நெம்புகோலை ஆட்டி இறுக்கும் ராட்செட் பட்டையைவிட்டு, கையால் இழுத்ததும் பற்றிக்கொள்ளும் கேம் பக்கிள் பட்டைக்கு மாறினால், நீங்கள் சொன்ன முன்னிறுக்கம் கிடைக்குமா? ராட்செட்டின் கடகடவென்ற ஓசை விடியற்காலைக் காட்டில் வெகுதூரம் கேட்கிறது.


பட்டறைக்காரர் எழுதியது:

துளையின் மையம் விளிம்பிலிருந்து போல்ட் விட்டத்தைப்போல் இரு மடங்கேனும் தள்ளி இருக்கட்டும். கால் அங்குல போல்ட் என்றால் அரை அங்குலம். துளையிட்ட பின் அதன் வாயில் நிற்கும் பிசிறுகளைக் கட்டாயம் நீக்குங்கள், நீங்கள் வெட்டிய விளிம்புகள் முழுவதையும் அரம்போட்டு வழவழப்பாக்குங்கள். சோர்வு விரிசல்கள் ஒரு சிறு கீறலிலிருந்துதான் புறப்படும். மரையுள்ள பகுதி குழாய்ச் சுவரின் மேல் உட்காராதபடி, மரையில்லாத தண்டு போதிய நீளமுள்ள போல்ட்டை வாங்குங்கள். இரண்டு சுவர்களையும் ஊடுருவிச் செல்லும் போல்ட்டை முடுக்கும்போது குழாய் நசுங்காமலிருக்க, உள்ளே ஓர் இடைக்குழல் வைக்க வேண்டும். நைலான் வளையம் உள்ள பூட்டு நட்களைப் போடுங்கள். அவற்றை ஒருமுறை கழற்றினால் மறுமுறை புதியதையே போடுங்கள், ஏனென்றால் நைலானின் பிடி ஒவ்வொரு கழற்றலுக்கும் குறைந்துகொண்டே போகும்.

அரிப்பு உண்மைதான், அரிப்பது எஃகு அல்ல, அலுமினியம். ஆனால் சிறிய எஃகு போல்ட் பெரிய அலுமினியப் பரப்பில் இருக்கும்போது அரிப்பு மெதுவாகவே நடக்கும். நைலான் வாஷர் அல்லது மரைகளில் பூசும் அரிப்புத் தடைப்பசை போதுமானது. மழையில் நனைந்து வந்ததும் பையிலிருந்து எடுத்து உலர்த்தும் வழக்கம் அதைவிட அதிகப் பயன் தரும்.

பட்டையைப் பொறுத்தவரை, கேம் பக்கிளில் உங்கள் கை இழுக்கும் அளவுக்கு மட்டுமே இறுக்கம் வரும். எஞ்சியதை மேடையைப் பொருத்தும் விதத்தால் பெற வேண்டும். மேடையின் முன்விளிம்பு சற்று மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு பட்டையை முழு வலுவோடு இழுங்கள். பிறகு மேடையை உறுதியாகக் கீழே மிதியுங்கள். பற்கள் ஓர் அங்குலம் இறங்கி அமரும்போது, மரத்தின் பின்பக்கம் பட்டை இருந்த இடத்திலேயே நிற்க, முன்பக்கம் கீழே இழுபடும். அந்தச் சாய்வினால் பட்டை தானாகவே முறுக்கேறும், மேடையும் சமதளத்துக்கு வரும். இரண்டு முறை மிதித்து, இரண்டு முறையும் பட்டையின் தளர்வை மீண்டும் இழுத்தெடுங்கள். பாலியஸ்டர் பட்டையையே தேர்ந்தெடுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும், அதனால் இரவில் இறுக்கியது காலையில் தளர்ந்திருக்கும். சரக்குக் கட்டும் பட்டைகளின் உறையில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றில் பெரியது அறுந்துபோகும் சுமை, நீங்கள் பார்க்க வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்காக உள்ள வேலைச்சுமை. அதே சமயம், சரக்குப் பட்டை மனிதரைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. பரணுக்கென்றே விற்கும் பட்டையை வாங்குவதே சரி.

கிரீச்சிடலை மறந்துவிட்டேன். அது மடிப்பு அச்சில்தான் இருக்கும். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் நைலான் வாஷர் வைத்தால் நின்றுவிடும்.


கயிறும்முடிச்சும் எழுதியது:

மேடையைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்ட பின்பு, மேடை தவறும் நாளைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நவம்பர் மாதத்தில், ஷாக்பார்க் ஹிக்கரி மரமொன்றில் 18 அடி உயரத்தில் நானே செய்த மேடையைக் கட்டியிருந்தேன். அந்த மரத்தின் பட்டை நீளமான தகடுகளாக உரிந்து, ஒரு முனை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பற்கள் மரத்தைப் பற்றியதாக எண்ணினேன், உண்மையில் அவை அந்தத் தகடொன்றைத்தான் பற்றியிருந்தன. வலப்பக்கம் சாய்ந்தபோது தகடு பிளந்து மேடை என் காலடியிலிருந்து விலகிப்போனது. டெதர் தலைக்குச் சற்று மேலே, தளர்வே இல்லாமல் இருந்ததால் நான் விழுந்த தொலைவு மூன்று நான்கு அங்குலம்தான். முழங்கால் சிராய்ந்தது, வேறொன்றும் ஆகவில்லை. டெதரை இடுப்பளவில் கட்டியிருந்தால் இரண்டடிக்கு மேல் விழுந்திருப்பேன். சேடில் அப்படிப்பட்ட வீழ்ச்சியைத் தாங்கி நிறுத்தச் செய்யப்பட்டதன்று. அது எப்போதும் சிறிதளவேனும் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கும் நிலைக்காகச் செய்யப்பட்டது. டெதர் கயிறும் நீட்சி குறைந்தது, அதனால் தளர்வில் விழுகிற ஒவ்வோர் அங்குலமும் உடலுக்கு அடியாக வந்து சேரும்.

ஆகவே வரிசையைக் கடைப்பிடியுங்கள். தரையிலிருந்து கால் எடுக்கும் முன்பே லைன்மேன் கயிறு, அதாவது ஏறும்போது இடுப்பின் இருபுறமும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு, மரத்தைச் சுற்றி மாட்டப்பட்டிருக்க வேண்டும். மேலே சென்று மேடையைக் கட்டும்போதும் அது மாட்டியே இருக்கட்டும். மேடையில் கால் வைப்பதற்கு முன் டெதரைத் தலைக்கு மேலே கட்டி, பிரிட்ஜை அதில் மாட்டி, முழு எடையையும் ஒருமுறை அதில் இறக்கிப் பாருங்கள். அதன் பிறகே லைன்மேன் கயிற்றைக் கழற்றலாம். ஒரு நொடிகூட இரண்டும் இல்லாமல் இருக்கக் கூடாது. டெதரில், எடை விழுந்தால் இறுகிக் கயிற்றைப் பற்றும் புருசிக் முடிச்சைப் பயன்படுத்துவோர், கயிற்றின் கீழ்முனையில் ஒரு தடுப்பு முடிச்சு போட்டுவையுங்கள். புருசிக் நழுவிக் கயிற்றின் முனையைத் தாண்டிப் போகாமல் அது காக்கும்.

மரத்தையும் பாருங்கள். மிச்சிகனில் ஆஷ் மரங்களை முற்றிலும் ஒதுக்கிவிடுங்கள். மரகதப் பச்சை நிறமுள்ள துளைப்பான் வண்டு 2002ஆம் ஆண்டு டெட்ராய்ட் பகுதியில்தான் இந்தக் கண்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பிறகு செத்து நிற்கும் ஆஷ் மரங்களுக்கு அங்கே கணக்கில்லை. இலையுதிர்ந்த காலத்தில், அதிகாலை இருட்டில், செத்த ஆஷ் மரம் உயிருள்ள மரத்தைப் போலவே தோன்றும். செத்த ஆஷ் மிக விரைவில் நொறுங்கும் தன்மை கொள்கிறது, அதன் கிளைகள் காற்றில்லாமலே முறிந்து விழும். பீச் மரத்தின் வழுவழுப்பான பட்டையில் கூரற்ற பற்கள் வழுக்கப் பார்க்கும், மழைநாளில் இன்னும் அதிகமாக. அங்கே பற்களின் முகத்தில் ஒட்டிய ரப்பர் தகடு நன்றாகவே பிடிக்கிறது. என் கைக்கு மிகவும் பிடித்த மரம் வெள்ளை ஓக். கரடுமுரடான பட்டை, நேரான உடல், அதன் கொட்டைகளைத் தேடி மான்களும் வரும்.


பழையவேடன் எழுதியது:

நான் இதற்கு முழு உடன்பாடு சொல்ல முடியாதவன், அதையும் பதிவுசெய்கிறேன். தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைச் சோதித்து அதற்கென்று ஓர் எடை வரம்பை எழுதியிருக்கிறார். கம்பிகளை நீக்கி, குழாயை வெட்டிய பின்பு அந்த வரம்பு உங்கள் மேடைக்குப் பொருந்தாது. ஒட்டப்பட்டுள்ள எடைச்சீட்டை உரித்தெடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஐந்தாண்டு கழித்து நீங்களே அதை நம்பிவிடுவீர்கள். இந்த மேடையை யாருக்கும் விற்காதீர்கள், இரவலும் கொடுக்காதீர்கள். உங்கள் எடைக்கும் உங்கள் பழக்கத்துக்கும் செய்ததை இன்னொருவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று உங்களால் சொல்ல முடியாது. பணம் மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கமென்றால், பயன்படுத்திய மேடை ஒன்றைத் தேடி வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. தன் கையால் செய்வதில் ஒரு நிறைவு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நானும் என் அம்புகளை நானே ஒட்டுகிறவன்தான்.


காட்டுப்பாதை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பின் நடந்ததைப் பதிவுசெய்கிறேன்.

குழாயைக் கீழ்நோக்கி நீட்டி, பட்டைக்கும் பற்களுக்கும் இடையே 10 அங்குலம் வரச் செய்தேன். பழைய பற்களைக் கழற்றிவிட்டு, கால் அங்குலக் கனமுள்ள அலுமினியக் கோணத்தில் 7 அங்குல அகலத்துக்குப் புதிய பற்றுத்தகடு செய்து, இரண்டு போல்ட்களால் பொருத்தினேன். அதன் இரு முனைகளையும் மழுங்கலாகவே விட்டிருக்கிறேன். சாய்வுத் தாங்கியும் வைத்தாயிற்று. எடைச்சீட்டை உரித்துவிட்டேன். மொத்த எடை இப்போது 5 பவுண்டு 11 அவுன்ஸ். கடையில் வாங்கும் மேடையைவிட அதிகம்தான், ஆனாலும் 14 பவுண்டைச் சுமந்த தோளுக்கு இது பெரிய வரம்.

சோதனையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செய்தேன். 50 பவுண்டு மணல் மூட்டைகள் எட்டை, அதாவது என் எடையைப் போல் இரு மடங்கை, மேடையின் முன்பாதியில் ஏற்றி ஓர் இரவு முழுவதும் விட்டுவைத்தேன். காலையில் முன்விளிம்பு கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. மூட்டைகளை இறக்கியதும் பழைய உயரத்துக்கே திரும்பியது. பிறகு விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை வாங்கி, மூலைகளிலும் துளைகளைச் சுற்றியும் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்துப் பார்த்தேன். எங்கும் சிவப்புக் கோடு தெரியவில்லை. அதன் பிறகே சேடிலை அணிந்து, அதே குறைந்த உயரத்தில், டெதரில் தொங்கியபடி இருபுறமும் சாய்ந்து பார்த்தேன். வலப்பக்கம் அசைவே இல்லை. இடப்பக்கம், மரத்தின் பின்புறம் வரை போகும்போது மட்டும் மிகச் சிறிதாக நகர்கிறது. மேடையை இரண்டு முறை மிதித்து அமரவைத்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஓக்நிழல் சொன்னபடி இடப்பக்கத்துக்கு மட்டும் தனிப்பட்டையில் ஒரு படி வைத்துக்கொள்ளப்போகிறேன்.

நைலான் வாஷர் வைத்த பின் கிரீச்சிடல் போய்விட்டது. ஆனால் உறைபனி படிந்த காலையில் காலணியின் ரப்பர் அலுமினியத்தின் மேல் தானாகவே ஓசையெழுப்பும் என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். அதற்காக மேல்தளத்தில் கரடுமுரடான கிரிப் டேப் ஒட்டியிருக்கிறேன். உறைபனியில் அது பிடித்து நிற்குமா?


பட்டறைக்காரர் எழுதியது:

நிற்கும், ஆனால் ஒட்டும் முன்பு உலோகத்தை ஆல்கஹால் கொண்டு துடைத்து, அறைவெப்பத்தில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். குளிரில் ஒட்டிய டேப் முதல் வாரத்திலேயே ஓரங்களில் எழும்பும். மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் எழும்புவது இன்னும் குறையும்.

உங்கள் சோதனை முறை எனக்கு மிகவும் நிறைவளித்தது. சாயச் சோதனையை இதோடு விட்டுவிடாமல், முதல் பத்து முறை பயன்படுத்திய பின் ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் செய்யுங்கள். அப்போது கிரிப் டேப்பின் அடியில் துளைகள் மறைந்திருந்தால் பார்க்க முடியாது. ஆகவே இப்போதே போல்ட் தலைகளைச் சுற்றி ஓர் அங்குலம் டேப்பை வெட்டி நீக்கிவிடுங்கள்.